ஆணி அடித்த சுவரும் அட்வான்ஸ் பணமும்

வீடு காலி செய்யும் நாள். சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வீட்டுக்காரரின் உறவினர் ஒருவர் சாவியை வாங்கிக்கொள்ள வருகிறார். கூடத்தின் நடுவில் நின்று சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, செவுரு பூரா ஆணியா இருக்கு?"

"அதெல்லாம் நாங்க வரும்போதே இருந்துச்சு பாய்."

"தரையிலயும் கீறல் விழுந்திருக்கே..."

"அதுவும் அப்பவே இருந்துச்சு பாய்."

இரண்டு பேரில் யார் சொல்வது உண்மை என்று மூன்றாவது ஆளால் சொல்ல முடியாது. ஏனென்றால் குடிவந்த நாளில் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே கடைசியில் நடக்கும். அட்வான்ஸ் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. பெயிண்ட் செலவு, ரிப்பேர் செலவு, கரண்ட் பில் பாக்கி என்று ஒவ்வொன்றாகக் கழிந்து மிச்சம் குடியிருந்தவர் கைக்கு வருகிறது.

மேல்நாடுகளில் இதே சண்டை கார்பெட்டை வைத்து நடக்கும். காபி கொட்டிய கறை, இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை, நாய் கடித்த ஓரம் என்று பட்டியல் போட்டு டெபாசிட்டில் கை வைப்பார்கள். காவிரி டெல்டாவில் கார்பெட் விரித்த வாடகை வீடு அபூர்வம். இங்கே சிவப்புச் சிமெண்டுத் தரை, மொசைக், டைல்ஸ், சுண்ணாம்புச் சுவர். பொருள்தான் வேறு, சண்டை ஒன்றுதான். எது சேதம், எது சாதாரணத் தேய்மானம்? அதை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு 140 வருடங்களுக்கும் மேலான சட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி டெல்டாவின் வயல்களிலேயே நடந்தது.

வெளிநாட்டில் வீட்டுக்காரர், ஊரில் வீடு

மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில் இருக்கிறது கூத்தாநல்லூர். 'சின்ன சிங்கப்பூர்' என்று சுற்று வட்டாரத்தில் அழைக்கப்படும் ஊர். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் பல தலைமுறைகளாக ஆண்கள் சிங்கப்பூர், மலேசியா என்று பிழைக்கப் போனார்கள். பிறகு வளைகுடா நாடுகளும் சேர்ந்துகொண்டன. அந்தப் பணத்தில் ஊரில் பெரிய பெரிய வீடுகள் எழும்பின.

இப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒருவரை ஒருவர் அதிகம் பார்க்காமலேயே வருடங்கள் ஓடிவிடலாம். வீட்டுக்காரர் கடல் தாண்டி இருப்பார். சாவி மச்சானிடமோ, பெரியத்தாவிடமோ, தெருவில் நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கும். அவருக்குத் தன் வீடு பத்திரமாக இருக்கிறதா என்ற கவலை. அந்தக் கவலைக்கு அவர் கேட்கும் ஈடுதான் அட்வான்ஸ். குடியிருப்பவருக்கோ அந்த அட்வான்ஸ், நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ கொடுத்த பணம். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்த வீட்டின் அட்வான்ஸ் வந்தாக வேண்டும். ஆகவே கழிக்கப்படும் ஒவ்வொரு ஆயிரமும் இரண்டு பக்கமும் வலிக்கும் ஆயிரம்.

வாடகையே இல்லாத வாடகை

குடியேறும்போது ஒரு மொத்தத் தொகை கொடுப்பது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. 'ஒற்றி' என்ற சொல் பழைய கல்வெட்டுகளிலேயே வருகிறது. பேச்சு வழக்கில் அது 'ஒத்தி' ஆகிவிட்டது. வீட்டை ஒத்திக்கு விடுவது, போக்கியத்துக்கு விடுவது என்றால் ஒரு பெரிய தொகையை வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட வருடங்களுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவது. மாத வாடகை கிடையாது. வட்டிக்குப் பதில் வீட்டின் அனுபவம். காலம் முடிந்ததும் தொகை முழுசாகத் திரும்பும், வீடும் திரும்பும். 1882ம் வருடத்து சொத்து மாற்றுச் சட்டத்தின் 58வது பிரிவு இந்த வகை அடமானத்தைத் தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. தென்கொரியாவில் 'ஜொன்சே' என்ற பெயரில் கிட்டத்தட்ட இதே முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது.

போக்கியத்தில் தொகை கடனாகவே பார்க்கப்பட்டது. கடனைத் திருப்பித் தந்தால்தான் வீடு. வீட்டைத் திருப்பித் தந்தால்தான் கடன். இரண்டு கையிலும் பிடி இருந்ததால் ஓரளவு சமநிலை இருந்தது. மாத வாடகை முறையில் அந்தச் சமநிலை போய்விட்டது. குடியிருப்பவர் மாதா மாதம் வாடகையும் தருகிறார், தனியே ஒரு தொகையையும் வீட்டுக்காரரிடம் விட்டு வைக்கிறார். காலி செய்த பிறகு வீடு வீட்டுக்காரரிடம் இருக்கிறது. பணமும் அவரிடமே இருக்கிறது.

1882: 'நியாயமான தேய்மானம்'

சேதத்தையும் தேய்மானத்தையும் பிரித்த முதல் பெரிய சட்டமும் அதே சொத்து மாற்றுச் சட்டம்தான். 108வது பிரிவில் குத்தகைதாரரின் கடமைகளைச் சொல்லும்போது, சொத்தைத் தான் பெற்றுக்கொண்ட நிலையிலேயே வைத்திருந்து அதே நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. நியாயமான உபயோகத்தால் வரும் தேய்மானத்துக்கும், தடுக்க முடியாத சக்தியால் வரும் மாற்றத்துக்கும் அவர் பொறுப்பல்ல.

டெல்டாவுக்கு இந்த விதிவிலக்கு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் ஏறுகிறது. சுண்ணாம்பு உதிர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனையோ ஓட்டு வீடுகளின் கூரை போனது. இதெல்லாம் குடியிருப்பவர் செய்த சேதம் அல்ல.

சட்டம் இங்கே ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாத இடத்தில்தான் 108வது பிரிவின் கடமைகள் பொருந்தும். 'காலி பண்ணும்போது பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவோம்' என்ற, தமிழ்நாடு முழுக்கக் கேட்கும் வாசகம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது. அதைவிட முக்கியமான இன்னொரு ஓட்டையும் உண்டு. 'பெற்றுக்கொண்ட நிலை' எது என்பதற்கு என்ன ஆதாரம்? அதைப் பற்றி இந்தப் பிரிவு எதுவும் சொல்லவில்லை.

போர் கொண்டுவந்த சட்டம்

வாடகைக் கட்டுப்பாடு என்பதே போரின் குழந்தை. முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். 1915ல் பெண்கள் முன்னின்று வாடகை கொடுக்க மறுத்துப் போராடினார்கள். அதே வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. வாடகைக்கு மேல் தனியாகத் தொகை கேட்பதையும் அது தடுத்தது. வாடகையை மட்டும் கட்டிப்போட்டால் வீட்டுக்காரர் வேறு பெயரில் வாங்கிக்கொள்வார் என்பது அப்போதே தெரிந்திருந்தது. பம்பாயில் 1918லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது.

சென்னை மாகாணத்துக்கு இரண்டாம் உலகப் போர்தான் அதைக் கொண்டுவந்தது. 1941ல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்த பிறகு 1946ல் அது சட்டமானது. 1949ல் இன்னொரு சட்டம். கடைசியாக 1960ம் வருடத்து 18ம் எண் சட்டம், அதாவது தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். இது அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1960 சட்டத்தின் 7வது பிரிவு இன்று படிப்பவர்களுக்கு ஆச்சரியம் தரும். வீட்டுக்காரர் வாங்கக்கூடிய அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது! அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும், அல்லது குடியிருப்பவர் விரும்பினால் வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டும். 8வது பிரிவு, வாடகைக்கும் அட்வான்சுக்கும் கையெழுத்திட்ட ரசீது தரச் சொல்கிறது. வீட்டைச் சேதப்படுத்தினால் என்ன என்பதற்கும் 10வது பிரிவில் பதில் உண்டு. கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிய அளவில் குறைக்கும் நாச வேலைகளைச் செய்தால் குடியிருப்பவரை வெளியேற்றலாம். 'பெரிய அளவில்' என்ற சொல்தான் இங்கே முக்கியம். பதினோரு ஆணி அந்தக் கணக்கில் வராது.

ஒரு மாதம் பத்து மாதம் ஆன கதை

சட்டம் ஒரு மாதம் என்றது. நடைமுறையில் பத்து மாதம் ஆனது. சென்னையில் 'பத்து மாச அட்வான்ஸ்' எழுதப்படாத விதியாகவே இருந்தது. மாவட்ட ஊர்களிலும் கடைகளுக்கு 'பகடி' என்ற பெயரில் பெரிய தொகைகள் கை மாறின. 60 வருடம் ஒரு சட்டம் புத்தகத்தில் இருந்தும் ஏன் இப்படி?

முதல் காரணம் பொருளாதாரம். வாடகையை நியாய வாடகை என்ற பெயரில் கட்டிப்போட்டால், சந்தையில் கிடைக்கும் விலைக்கும் சட்டம் சொல்லும் விலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டாகிறது. அந்த இடைவெளியை அட்வான்சின் வட்டி நிரப்பியது. கிளாஸ்கோவில் பயந்தது இங்கே நடந்தது.

இரண்டாவது காரணம், சட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதிலேயே இருந்த குழப்பம். மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு பிரிவு இருந்தது. 1986ல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விலைவாசி ஏறிய பிறகு 400 ரூபாய் என்பது வசதியானவர்களின் அடையாளம் அல்ல என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்திருந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது: காகிதம். ரசீது தர வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் ரசீது கேட்கும் குடித்தனக்காரருக்கு வீடு கிடைக்காது. ஒரு மாதத்துக்கு மேல் வாங்கியது தப்பு என்று நிரூபிக்க, வாங்கினார் என்பதை முதலில் நிரூபிக்க வேண்டும்.

காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் கிடைக்கிறது. அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் கூடூரில் மாடர்ன் ஹோட்டல் என்ற வாடகைதாரர் மீது வாடகை பாக்கி என்று வழக்கு. வீட்டுக்காரர் கையிலோ ஒரு மாத வாடகைக்கு மேற்பட்ட அட்வான்ஸ் இருந்தது. ஆந்திரச் சட்டத்திலும் ஒரு மாத வரம்புதான். 1989ல் உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில், சட்டத்தை மீறி வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை பாக்கி என்று சொல்ல முடியாது என்று தீர்ப்பானது. அட்வான்ஸ் கொடுத்தது நிரூபணமானதால்தான் அந்த வாதம் நின்றது.

வயலில் கற்ற பாடம்

காகிதம் இல்லாத உரிமை எவ்வளவு பலவீனமானது என்பது தஞ்சை டெல்டாவுக்கு வீட்டு வாடகையில் தெரியும் முன்பே நெல் வயலில் தெரிந்துவிட்டது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம் என்பது இன்றைய திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களையும் சேர்த்தது. கூத்தாநல்லூரும் அதற்குள்தான் இருந்தது. 1955ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர்களைப் பாதுகாக்கும் சட்டம் மாகாணம் முழுதுக்கும் வந்தது. 1956ல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. அதன்படி நன்செய் நிலத்துக்கு நிலக்காரர் பங்கு விளைச்சலில் 40 சதவீதம். பின்னர் அது 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

1955 சட்டத்தில் ஒரு பிரிவு வீட்டு வாடகைக்காரர்கள் கவனிக்க வேண்டியது. குத்தகைதாரரை எப்போது வெளியேற்றலாம்? குத்தகை பாக்கி வைத்தால் வெளியேற்றலாம். நிலத்துக்கோ பயிருக்கோ நாசம் உண்டாக்கும் காரியத்தைச் செய்தாலும், அப்படிப்பட்ட அலட்சியம் காட்டினாலும் வெளியேற்றலாம். சுவருக்குப் பதில் வரப்பு, ஆணிக்குப் பதில் மண்வெட்டி. கேள்வி அதேதான்: எது நாசம், யார் சொல்வது?

ஆனால் அதற்கும் முன்னால் இன்னொரு கேள்வி வந்து நின்றது. இவர் குத்தகைதாரர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி? பெரும்பாலான குத்தகைகள் வாய்ப்பேச்சு. அப்பா காலத்தில் பேசியது, மகன் காலத்திலும் நடக்கும். நிலக்காரர் 'இவர் என் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு உழுதவர்' என்று சொல்லிவிட்டால் பாதுகாப்புச் சட்டம் பக்கத்தில்கூட வராது. கடைசியில் 1969ல் விவசாய நிலக் குத்தகை உரிமைகள் பதிவுச் சட்டம் என்று தனியாக ஒன்று போட வேண்டியதாயிற்று. எந்த சர்வே எண்ணில் யார் குத்தகைதாரர் என்று அரசே பதிவேடு தயாரிக்கும் சட்டம் அது. பெயர் ஏறியவர்கள் தைரியமாக நின்றார்கள். ஏறாதவர்கள் வழக்கு மேல் வழக்காக அலைந்தார்கள்.

உரிமை தந்த சட்டம் 1955ல். அந்த உரிமையை நிரூபிக்க வழி செய்த சட்டம் 1969ல். நடுவில் 14 வருடம். டெல்டா கற்றுக்கொண்ட பாடத்தின் விலை அது.

2017: மூன்று மாதம், எழுத்தில்

வீட்டு வாடகையில் அதே பாடத்தைப் படிக்க இன்னும் நாள் ஆனது. 2017ல் தமிழ்நாடு சட்டமன்றம் 1960 சட்டத்தை நீக்கிவிட்டு, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. நகர்ப்புறங்களுக்கு மட்டும் பொருந்தும் சட்டம். கூத்தாநல்லூர் நகராட்சி என்பதால் அங்கும் பொருந்தும்.

இந்தச் சட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அந்தப் பொறுப்பில் இருப்பார். அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு.

2. டெபாசிட் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற ஒரு வால் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இருவரும் சம்மதித்து எழுதினால் பத்து மாதமும் சாத்தியம்.

3. காலி செய்த ஒரு மாதத்துக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தர வேண்டிய பாக்கிகளைக் கழித்துக்கொள்ளலாம்.

4. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கைப்பிடி, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. கட்டடத்தின் அடிப்படை ரிப்பேர், ஒயரிங், குழாய் மாற்றுவது போன்றவை வீட்டுக்காரருக்கு.

இந்த அட்டவணையில் பலருக்கும் தெரியாத ஒரு வரி உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பட்டியலில்தான் இருக்கின்றன! ஊரெல்லாம் பெயிண்டுக்கு என்று ஒரு மாத வாடகை பிடிக்கும்போது சட்டத்தின் பட்டியல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

2021ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம், மற்ற கட்டடங்களுக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு சொல்கிறது. மாநிலங்கள் விரும்பினால் பின்பற்றலாம்.

பி.காம். மாணவர்கள் வணிகச் சட்டப் பாடத்தில் படிக்கும் ஒரு பிரிவும் இங்கே உதவிக்கு வரும். 1872ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகை உச்சவரம்புதான். நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும். 1963ல் பத்தே சந்த் வழக்கிலும் 2015ல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது. டெபாசிட் கையில் இருக்கிறது என்பதற்காக நஷ்டமே இல்லாத இடத்தில் அதை விழுங்கிவிட முடியாது.

கார்பெட் கணக்கு

இங்கிலாந்தில் இந்தச் சண்டைக்கு வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2004ம் வருடத்து வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், 2007 ஏப்ரல் 6 முதல், டெபாசிட்டை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றின் கீழ் வீட்டுக்காரர் கொண்டுவர வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை அபராதம். சண்டை வந்தால் அந்தத் திட்டத்தின் நடுவர் காகிதங்களைப் பார்த்து முடிவு சொல்வார். கழிக்க வேண்டியதற்குக் காரணம் காட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் காட்டும் முதல் காகிதம், குடிவந்த நாளில் எடுத்த பொருள் பட்டியலும் படங்களும்.

கார்பெட்டுக்கு அவர்கள் போடும் கணக்கு பி.காம். முதல் வருடத்தில் படிக்கும் நேர்கோட்டுத் தேய்மானம்தான். ஒரு கற்பனை உதாரணம்: கார்பெட் விலை 20,000 ரூபாய். ஆயுள் 8 வருடம். ஆறாவது வருட முடிவில் இஸ்திரிப் பெட்டி சுட்டு ஓட்டை விழுந்துவிட்டது. புதுக் கார்பெட் வாங்க 20,000 ஆகும். ஆனால் குடியிருந்தவர் தர வேண்டியது 20,000 அல்ல. மிச்சம் இருந்த ஆயுள் இரண்டு வருடம். எனவே 5,000 ரூபாய்தான். பழைய பொருளுக்குப் புதுப் பொருள் வாங்கிக்கொள்வது நஷ்ட ஈடு ஆகாது, லாபம் ஆகிவிடும்.

இதையே கூத்தாநல்லூர் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். மாத வாடகை 6,000. பத்து மாத அட்வான்ஸ் 60,000. மூன்று வருடம் குடியிருந்தாகிவிட்டது. பெயிண்ட் அடிக்க 18,000 ஆகும், அதன் ஆயுள் 5 வருடம் என்று வைத்துக்கொள்வோம். வெயிலுக்கு மங்கியது, ஓதத்தில் உப்பியது எல்லாம் தேய்மானம். அதற்கு ஒரு பைசாவும் பிடிக்க முடியாது. பிள்ளைகள் சுவர் முழுக்கக் கிரேயானில் கிறுக்கியிருந்தால், அது சேதம்தான் என்றாலும், மிச்ச ஆயுள் இரண்டு வருடத்துக்கு 7,200 ரூபாய்தான் வரும்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 60,000 ரூபாய்க்கு வருடம் 7 சதவீதம் என்று சாதாரண வட்டி போட்டால்கூட வருடத்துக்கு 4,200. மூன்று வருடத்தில் 12,600. குடியிருப்பவர் பேசாமல் விட்டுக்கொடுத்த தொகை இது. வீட்டுக்காரரின் கணக்குப் புத்தகத்தில் டெபாசிட் வருமானம் அல்ல, பொறுப்புப் பக்கத்தில் எழுத வேண்டிய கடன். பல வருடம் கையில் இருந்துவிட்டால் சொந்தப் பணம் போலத் தோன்றிவிடுகிறது. அதுதான் தொல்லை.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடகையை மட்டும் நம்பி வாழும் வயதான அம்மாக்கள் எத்தனையோ பேர். ஆறு மாத வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கி வைத்து, குழாயை உடைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் காலி செய்தவர்களும் உண்டு. வழக்குப் போட்டு வசூலிக்க ஆகும் காலத்தையும் செலவையும் பார்த்தால் அட்வான்ஸ்தான் அவர்களுக்கு ஒரே பிடிப்பு. அதனால் டெபாசிட்டே கூடாது என்று யாரும் சொல்ல முடியாது.

கூத்தாநல்லூர்க்காரர்கள் பலருக்கு இதன் இரண்டு பக்கமும் தெரிந்திருக்கும். ஊரில் வீட்டுக்காரராக இருப்பவரே சிங்கப்பூரில் குடித்தனக்காரராக இருக்கக்கூடும். அங்கே ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை டெபாசிட் என்பது பரவலான வழக்கம். இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகைத் தகராறுகளைச் சிறு தொகைத் தீர்ப்பாயத்துக்கே கொண்டுபோகலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. சாவி வாங்கும் அன்று எந்தச் சுவரில் எத்தனை கீறல் என்று குறித்துக்கொள்வதும் அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பழகிய காரியம்.

முதல் நாள் காகிதம்

1882 சட்டம் தேய்மானத்துக்கு விலக்கு தந்தது. 1960 சட்டம் ஒரு மாதம் என்று வரம்பு போட்டது. 2017 சட்டம் மூன்று மாதம் என்று தளர்த்தி, எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. மூன்றும் நல்ல நோக்கம் கொண்டவைதான். ஆனால் வண்டியில் சாமான் ஏறிய பிறகு கூடத்தில் நடக்கும் அந்த இரண்டு நிமிடப் பேச்சில் மூன்றுமே வாய் திறப்பதில்லை. ஏனென்றால் வீட்டின் முதல் நாள் நிலை எந்தக் காகிதத்திலும் இல்லை.

இதைச் சரி செய்ய இன்னொரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாவி கை மாறும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாக நடந்தால் போதும். ஹாலில் இத்தனை ஆணி, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, பின்கட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, கடைசியாகப் பெயிண்ட் அடித்தது இந்த வருடம், மீட்டர் ரீடிங் இவ்வளவு. ஒரு பக்கத்தில் எழுதி, செல்போனில் படம் எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொண்டால், கடல் தாண்டி இருக்கும் வீட்டுக்காரருக்கும் நிம்மதி, நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தவருக்கும் நிம்மதி. ஆகும் நேரம் அரை மணி.

வயலில் அந்தக் காகிதத்துக்காக டெல்டா 14 வருடம் காத்திருந்தது. வீட்டில் அதை எழுதிக்கொள்ள ஒரு பேனா போதும். அப்போது 'அதெல்லாம் நாங்க வரும்போதே இருந்துச்சு பாய்' என்று சொல்பவர், சொல்வதோடு நிற்காமல் காகிதத்தை எடுத்துக் காட்டலாம். பாயும் அதைப் பார்த்துவிட்டு, பாக்கியைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம்.